ஏழு முழத் தளபதியைக் குறித்துத் தெளியாற்று வேந்தருக்கு

தெளியாறு இரு கரையும் தொட்டு ஓடுக. அதன் நீரைக் குடிக்கும் நெல்லும் மாந்தரும் நோயின்றி நிமிர்ந்து நிற்க. தெற்கே உப்பங்கழி முதல் வடக்கே எங்கள் மலையடிவாரம் வரை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், நாவல் குடியின் விளக்கும், ஓடங்களின் காவலரும், அண்மைக் காலமாக மீசையும் உடையவருமாகிய மாமன்னர் நாவல்வேள் அவர்களின் திருமுன்புக்கு,

கூவைமலை நாட்டை ஆளும் அரசி பேரினியாரின் ஆணைப்படி, அவர்தம் மூத்த அமைச்சன் ஆதன் காரி தலை தாழ்த்தி இரு கையாலும் ஏந்தி விடுக்கும் ஓலை.

இக்கட்டில் ஒன்பது ஏடுகள் உள்ளன. முதல் நான்கில் நலச் செய்தியும் பழைய கதையும் இருக்கின்றன. ஐந்தாம் ஏட்டை வாசிப்பவர் கையில் எடுக்கும்போது வேந்தர் அமர்ந்திருப்பது நலம் என்று எங்கள் அரசியார் கருதுகிறார். அருகில் மோர் இருப்பதும் நலம் என்பது அடியேன் கருத்து.

முதற்கண் நலம். தங்கள் திருமகள் நறுவீயார் மலையேறி வந்து பதினொரு நாள் ஆகிறது. எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொண்டது. எங்கள் கூவைக்கிழங்குக் கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. அதை அரசியாரின் முகத்துக்கு நேரே சொல்லவும் அவர் தயங்கவில்லை. அவருடன் வந்த தங்கள் தூதர் நன்னாகரும் நலமே. ஏறும் வழியில் அவருடைய வெண்குடை இருமுறை காற்றில் பறந்தது, இருமுறையும் மீட்கப்பட்டது.

இனி, இவ்வோலை அவையில் உரக்க வாசிக்கப்படும் என்பதாலும், அங்கே கேட்டிருப்போர் எல்லாரும் முழுக் கதை அறிந்தவராக இருக்க மாட்டார் என்பதாலும், வேந்தர் நன்கு அறிந்ததையே வேந்தருக்குத் திரும்பச் சொல்லும் குற்றத்தைச் செய்கிறேன்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர், தங்கள் பாட்டனாரின் தந்தையார் முதுநாவல் வேள் நாலாயிரம் வீரரோடு எங்கள் மலையைக் கொள்ள வந்து, ஆற்றின் அக்கரையில் தங்கினார். இக்கரையில், எங்கள் குன்றின் உச்சியில், தளபதி மாகீரனார் நின்றார். மார்கழிப் பனியில் அவர் உருவம் மட்டுமே தெரிந்தது என்று தங்கள் நாட்டு ஏடுகள் கூறுகின்றன. மூன்று நாள் அவர் உட்காரவில்லை. உண்ணவில்லை. தங்கள் வில்லாளர் ஒருவர் எய்த அம்பு மார்பில் பாய்ந்தும் ஓர் அடி பின்வாங்கவில்லை. இப்படிப்பட்டவன் ஒருவன் முன்னே நின்றால், அவனுக்குப் பின்னே எத்தனை பேர் நிற்பார்களோ என்று நாலாயிரம் பேரும் எண்ணினார்கள். நான்காம் நாள் விடியலில் தங்கள் படை வீடு திரும்பிற்று.

திரும்பிய முதுநாவல் வேள் தம் மீசையை மழித்தார். மாகீரன் குடியில் ஒருவன் நம் வீட்டுப் பந்தியில் அமர்ந்து நம் கையால் சோறு உண்ணும் நாள் வரை, நம் குடியில் முடிசூடுவோர் மீசை வைப்பதில்லை என்று அரண்மனை வாயிலில் கல்லும் வெட்டினார். தோற்கடித்தவன் உறவினன் ஆகிவிட்டால் அது தோல்வி ஆகாது, குடும்பச் சண்டை ஆகிவிடும் என்பது அப்பெருமகனாரின் எண்ணம். அதனால் நான்கு தலைமுறை வேந்தர் மழித்த முகத்தோடு ஆண்டார்கள்.

எங்கள் பக்கத்திலும் மாகீரனாரை மறக்கவில்லை. அவர் பெயரால் ஒரு குடி வாழ்கிறது. அவருடைய உயரம் ஏழு முழம், அகலம் நான்கு முழம் என்று எங்கள் பழைய படைப் பெயரேட்டில் இருப்பதால், அதே அளவில் தலைநகர் முச்சந்தியில் ஒரு கற்சிலையும் செய்து வைத்திருக்கிறோம். அச்சிலையைக் கண்ட அயல்நாட்டார் சிலர் அது நெற்குதிர் என்று எண்ணியதுண்டு. நான்கு முழ அகலமுடையவர் எவ்வாசல் வழியாக வீட்டுக்குள் போயிருப்பார் என்று இளமையில் அடியேனும் எண்ணியதுண்டு. எண்ணியவன் கேட்டிருக்க வேண்டும்.

அக்குடியில் வந்தவர்தாம் எங்கள் மலைப்பாதைகளின் கண்காணிப்பாளர் அந்துவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரை உப்புச் சந்தையில் பெருங்காற்று வீசித் தங்கள் கூடாரம் இரண்டாகக் கிழிந்தபோது, தங்கள் காவலர் ஒன்பது பேரும் காற்றை அதட்டிக்கொண்டிருக்க, அந்துவன் தம் தலைப்பாகையிலிருந்து ஊசியை எடுத்துத் தைத்தார். அக்குடியின் ஆண்கள் அனைவரும் தலைப்பாகையில் ஊசி வைத்திருப்பார்கள். தளபதி தம் புண்களைத் தாமே தைத்துக்கொண்டவர், அவர் நினைவாகவே அவ்வழக்கம் என்று அவர்கள் சொல்லிவந்தார்கள். அன்று கிழிசலின் மறுமுனையை இழுத்துப் பிடித்திருந்தவர் நறுவீயார். அதன்பின் நடந்த ஓலைப் போக்குவரத்தைத் தாங்கள் அறிவீர்கள். சிலவற்றைப் பிரித்தும் படித்தீர்கள் என்று நறுவீயார் சொல்கிறார். ஐந்து வாரங்களுக்கு முன் மணம் உறுதியாயிற்று. பந்தி நாளுக்குள் வளரட்டும் என்று அன்றே தங்கள் மீசையும் தொடங்கிற்று. இப்போது அது இரண்டு நெல்மணித் தடிமன் ஆகியிருப்பதாக நன்னாகர் கண்கலங்கக் கூறினார்.

இனி ஐந்தாம் ஏடு.

மணமகனின் முன்னோர் கல்லறையிலிருந்து மணமகளே ஒரு கைப்பிடி மண் எடுத்து, அதை மணமேடை மண்ணோடு கலப்பது தங்கள் நாட்டு வழக்கம். அதன்படி இவ்வளர்பிறையின் ஏழாம் நாள் காலையில், முன்னோர் மேடு எனப்படும் எங்கள் பழைய இடுகாட்டுக்குச் சென்றோம். முந்நூற்றுப் பன்னிரண்டு நடுகற்கள் நிற்கும் இடம் அது. மாகீரன் எனப் பெயர் பொறித்த கல் கிழக்குக் கோடியில் நிற்கிறது. அரசியார், நறுவீயார், அந்துவன், நன்னாகர், அடியேன், ஓலை எழுதும் கணக்கர், இடுகாட்டுக் காவலர் பிட்டன், அவர் மனைவி கொற்றி ஆகிய எண்மர் இருந்தோம்.

அங்கே பேசப்பட்டவற்றை அணி செய்யாமல், அவரவர் வாயில் வந்தபடியே எழுத வேண்டும் என்பது நறுவீயார் இட்ட கட்டளை. எங்கள் தந்தை அலங்காரத்தைக் கண்டால் உள்ளே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடுவார் என்றார். எனவே இனி வரும் பேச்சு வழக்கை வேந்தர் பொறுத்தருள வேண்டும்.

நன்னாகர் தளபதியின் எலும்புகளை நோக்கிப் படிக்க நாற்பது அடியில் ஒரு வாழ்த்து இயற்றி வந்திருந்தார். அவர் பதினோராம் அடியைப் படிக்கையில், மண் இளக்கிக்கொண்டிருந்த பிட்டனின் மண்வெட்டி ஒரு தாழியில் பட்டது. மழையில் அரித்து மண் மெலிந்திருந்ததால் தாழி எதிர்பார்த்ததைவிட மேலே இருந்தது. மூடி உடைந்து உள்ளே விழுந்தது. பிட்டன் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆளு இல்லீங்க," என்றார்.

"நன்றாகப் பார்," என்றார் நன்னாகர்.

"நல்லாத்தான் பாத்தேன். துணி ஒண்ணு மடிச்சு வச்சிருக்கு. கூட ஒரு செப்புத் தகடு. அவ்ளோதான்."

"எலும்பு எங்கே?"

"அத நீங்க துணிகிட்டதான் கேக்கணும்."

அப்போது கொற்றி கணவரைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்ல. ஏழு முழத்து ஆளு ஒன்றர முழத் தாழிக்குள்ள எப்படி மடங்குவாரு? நீதான், பெரியவங்க விஷயம், வாய மூடுன்ன," என்றார்.

துணியை அந்துவன் வெளியே எடுத்தார். விரித்தார். அது கொடி. கூவைமலையின் மஞ்சள் நிறம், நடுவில் வேங்கை. பழைய முறைக் கொடி. நடுவில் வேங்கையின் மார்பருகே ஓர் ஓட்டை, அதன்மேல் நீலத் துணியால் நெருக்கமான ஒட்டு. அரசியார் தம் கையாலேயே முழம் போட்டு அளந்தார். நீளம் ஏழு. அகலம் நான்கு.

பிறகு நறுவீயார் சிரித்தார். மண் ஏந்த வைத்திருந்த வெள்ளிக் கிண்ணம் கையிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "ஐயோ, அப்பா மீசை," என்றார்.

வேந்தே, செய்தி இதுதான். தளபதி மாகீரன் என்று ஒரு மனிதர் இருந்ததில்லை. அவர் ஒரு கொடி.

இங்கே சற்று நிறுத்தி மோர் அருந்தலாம்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை எங்கள் ஏட்டறையில் இரண்டு நாள் தும்மியபடி தேடிக் கண்டோம். பழைய நாளில் எங்கள் நாட்டில் கொடியும் படைவீரரில் ஒருவர். புதிய கொடிக்குப் பெயரிடு விழா எடுத்து, படைப் பெயரேட்டில் ஆள் என்றே எழுதுவார்கள். நாள்தோறும் ஒரு நாழி அரிசிச் சோறு அதற்கு உண்டு. அதைக் கிழிசல் தைத்துக் காக்கும் பெண் அச்சோற்றை உண்பாள். அவளும் அவள் பிள்ளைகளும் அக்கொடியின் மனை என்று எழுதப்படுவார்கள். பணிமூப்புக்கு ஏற்பக் கொடிக்குப் பதவி உயர்வும் உண்டு. நைந்துபோனால் வீரரைப்போலவே தாழியில் இட்டு, நடுகல் நடுவார்கள். இவ்வழக்கம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நின்றது. முப்பது ஆண்டில் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை என்ற காரணத்தால் ஒரு கொடியைத் தமக்கு மேலதிகாரி ஆக்கியதைப் பொறாமல் படைத்தலைவர் ஒருவர் பதவி துறந்தார். அதன்பின் கொடிகளை எழுதுவதை விட்டார்கள். விட்டதை மறந்தார்கள். பெயரேட்டில் எஞ்சிய பெயர்களை எல்லாம் மனிதர் என்று பின்வந்தோர் படித்தார்கள். உயரத்துக்கு நேரே ஏழு முழம் என்று கண்டபோதும் ஐயுறவில்லை, வியந்தார்கள். சிலையும் செய்தார்கள். அச்சிலைக்கு ஒப்பமிட்டவன் அடியேன்.

அம்மார்கழியில் எங்கள் படை எங்கே போயிருந்தது என்பதும் ஏட்டில் இருக்கிறது. கூவைக் கொல்லைகளில் யானைக் கூட்டம் இறங்கியதால் படைத்தலைவர் முதல் சமையலாள் வரை அனைவரும் தீப்பந்தமும் பறையுமாக யானை ஓட்டப் போயிருந்தார்கள். போகும்போது பணிமூப்பில் அடுத்தவர் யாரோ அவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது விதி. அடுத்தவர் மாகீரன். முறைப்படி அவரைத் தளபதி என்று ஓலை எழுதி, குன்றின் உச்சியில் நட்டு, ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். உடன் இருந்தது கொடி தைக்கும் சாத்தி என்ற பெண் ஒருத்தியே.

கணக்கர் இடுகாட்டிலேயே உரக்க வாசித்த செப்புத் தகட்டில் இருப்பது அச்சாத்தியின் வாக்குமூலம். படை திரும்பியபின் அவள் சொல்லச் சொல்ல, பாசறை எழுத்தர் திருத்தாமல் வெட்டியிருக்கிறார். அவர் திருத்தாததை நானும் திருத்தவில்லை:

"மூணா நாளு பொழுது சாயறப்ப ஆத்தத் தாண்டி ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டு வந்தான். நீலத் துணி போட்டிருந்தான். மேல ஒரே பனி. இங்க யாரு தலைவன்னான். மாகீரன்னேன். கூட எத்தன பேருன்னான். அவரும் நானுந்தான்னேன். நான் மறைக்கிறேன்னு நெனச்சுச் சிரிச்சான். நான் எதுக்கு மறைக்கணும், கேட்டதுக்குச் சொன்னேன். மூணு நாளா உக்காரலியே, சாப்பிட மாட்டாரான்னான். அவரு சோத்த நாந்தான் திங்கறேன்னேன். அதுக்கப்புறம் அவன் சிரிக்கல. அம்பு பட்டுச்சே, என்ன பண்ணாருன்னான். ஒண்ணும் பண்ணல, நாந்தான் தைக்கணும், துணி இல்ல, உன் மேல்துண்டக் குடுன்னேன். குடுத்தான். கை நடுங்குச்சு. பாவம், குளிரு. கஞ்சி ஊத்தறேன் குடிச்சிட்டுப் போன்னேன். நிக்கல. மறுநாள் பாத்தா அந்தக் கரையில ஒரு ஈ காக்கா இல்ல."

தங்கள் நாட்டில் கொடியை எப்போதும் ஒருவர் கையில் ஏந்துவார். தரையில் நட்டு வைப்பதில்லை. துணி பறந்தால் அடியில் ஆள் இருப்பான் என்று தங்கள் முன்னோர் எண்ணியது, அவர்கள் வழக்கப்படி சரி. எங்கள் நாட்டில் கொடியும் ஓர் ஆள். தலைவர் மாகீரன் என்று சாத்தி சொன்னது, அவள் வழக்கப்படி சரி. எனவே அன்று இரு கரையிலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் அஞ்சத் தகாததற்கு அஞ்சவும் இல்லை என்று எங்கள் அரசியார் தீர்மானித்திருக்கிறார். இது ஆறுதலுக்காகச் சொன்னது அன்று. எங்கள் தளபதியின் மூன்று நாள் நின்ற புகழும் இத்தோடு போயிற்று என்பதை வேந்தர் கருத வேண்டும்.

ஆனால் அன்று இடுகாட்டில் எவருக்கும் இவ்வளவு தெளிவு இல்லை. நன்னாகர் வாழ்த்து எழுதிய ஏட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தளபதி இல்லையேல் தளபதியின் குடி இல்லை, குடி இல்லையேல் சபதம் நிறைவேறாது, சபதம் நிறைவேறாத மணத்துக்குத் தம் வேந்தர் இசையார், ஆகவே இளவரசியாரை வந்த சிவிகையிலேயே திரும்ப அழைத்துப் போக வேண்டும் என்று கூறினார். கூறும்போது அவருக்கும் மகிழ்ச்சி இல்லை.

இப்போது அடியேன் செய்த பிழையை ஒப்புக்கொள்கிறேன். நான் மற்ற எழுவரையும் நோக்கி, மேடு மழையில் அரித்தது, எலும்பும் மண்ணாயிற்று என்று எழுதிவிடலாம், தாழியை மூடிவிடலாம், ஒரு கைப்பிடி மண் எவ்வாறும் மண்ணே என்று சொன்னேன். பிட்டன் மண்வெட்டியைக்கூட எடுத்துவிட்டார். நாற்பது ஆண்டு அமைச்சுப் பணியில் இதைவிடப் பெரியவற்றை மூடியிருக்கிறேன்.

அந்துவன் கொடியைக் கீழே வைக்கவில்லை. "மூட வேண்டாம் ஐயா," என்றார்.

"தம்பி, மூடாவிட்டால் மணம் இல்லை," என்றேன்.

"தெரியும். நான் யாரு வழின்னு தெரியாமயே இத்தன நாள் இருந்தேன், அது வேற. பொய்னு தெரிஞ்சு அவங்க வீட்டு எலையில போயி உக்கார முடியாது. நாலு தலைமுறையா அந்த எலைய எனக்காகத்தான் போட்டு வச்சிருக்காங்க. அது எனக்குப் போட்டது இல்லைன்னு முதல்ல சொல்லிடணும். அப்புறமும் உக்காருன்னு சொன்னா உக்கார்றேன்."

"சொல்லாவிட்டால்?" என்றேன்.

அந்துவன் தம் தோளில் கிடந்த மாகீரன் குடியின் பட்டுக் கயிற்றைக் கழற்றி அரசியாரின் காலடியில் வைத்தார். வைத்த கை நிலையாக இருந்தது. முகம் அப்படி இல்லை.

நறுவீயார் அவரிடம், "என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

"கேக்கணும்னுதான்..."

"கழட்டிட்டு அப்புறம் கேப்பியா?" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அமைச்சரே, நீங்க எழுதுங்க. முழுசா எழுதுங்க. எங்க முப்பாட்டனார் நாலாயிரம் பேரோட வந்து ஒரு பொம்பளைக்கும் ஒரு துணிக்கும் பயந்து ஓடினாருன்னு எழுதுங்க. எங்க அப்பாவுக்குக் கோவம் வரும். ரெண்டு நாள் யாரோடயும் பேச மாட்டாரு. மூணா நாள் தனியா உக்காந்து சிரிப்பாரு. அவரு சிரிக்கறத யாரும் பாக்கக் கூடாது, அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

பின்னர் அவர் அந்துவனின் தலைப்பாகையை எட்டிப் பார்த்து, "இந்த ஊசி யாரோடதுன்னு இப்பவாவது புரியுதா?" என்றார். அந்துவன் கொடியின் ஒட்டைப் பார்த்தார். சிறு சிறு தையல். ஒவ்வொரு மூன்றாம் தையலுக்கும் ஒரு குறுக்குத் தையல். உப்புச் சந்தையில் தங்கள் கூடாரத்தை அவர் தைத்ததும் அதே முறையில்தான். தங்கள் கருவூலத்தில் அக்கூடாரம் இன்னும் இருந்தால் வேந்தர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தளபதி தம் புண்ணைத் தாமே தைத்த கதை அங்கேயே முடிந்தது. அவர் வந்தது சாத்தியின் வழியில்.

ஏட்டறைத் தேடலும் முடிந்தபின், நேற்று மாலை எங்கள் அரசியார் இட்ட ஆணைகளைக் கீழே தருகிறேன்.

தாழியில் உறங்கிய மாகீரன் மீண்டும் படைப் பெயரேட்டில் எழுதப்பட்டார். நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட பணிமூப்பைக் கணக்கிட்டால் எங்கள் நாட்டில் அவருக்கு மேலதிகாரி இல்லை என்பதால், அவர் அடியேனுக்கும் மேலாகிறார், ஏற்றுக்கொண்டேன். ஒரு திங்கள் விடுப்பும் அவருக்கு வழங்கப்பட்டது, திருமணத்துக்குச் செல்லும் பொருட்டு. தங்கள் வாயிற்கல்லின் சொற்படி மாகீரன் குடியில் ஒருவர் தங்கள் பந்தியில் அமர வேண்டும். மாகீரனின் சோற்றை உண்டு வளர்ந்த சாத்தியின் மக்களை மாகீரன் மனை என்றே பழைய ஏடு சொல்வதால், அந்துவன் அக்கல்லுக்கும் பொருந்தியவரே என்று எங்கள் சட்டம் அறிந்தோர் கூறினார்கள். ஆனால் அரசியார், ஏட்டைக் காட்டி வேந்தரை மடக்குவது எமக்கு விருப்பமில்லை, குடியில் ஒருவன் வருவதினும் வென்றவரே நேரில் வருவது மேல் என்று கூறி, மாகீரனும் உடன் வருவார் என்று ஆணையிட்டார். அவருக்கும் ஓர் இலை இட வேண்டுகிறோம். அவருடைய சோற்றை வழக்கப்படி அவரைத் தைப்பவர் உண்பார். இப்போது தைப்பவர் அந்துவன். எனவே தங்கள் மருமகனுக்கு இரண்டு இலை.

அந்துவனின் பட்டுக் கயிறு அவரிடமே திருப்பித் தரப்பட்டது. முச்சந்திச் சிலை அகற்றப்படாது. கல்தச்சர் பார்த்துவிட்டு, இதைச் சாத்தியாக மாற்ற இயலாது, கல் போதாது என்பதால் அல்ல, கல் மிகுதி என்பதால் என்றார். அதன் அருகே அவளுக்கு அளவான வேறொரு சிலை எழும்.

இதற்கு ஈடாக எங்கள் நாடு கேட்கும் சீர் ஒன்றே. திறந்த காற்றுப் பட்டதால் கொடி ஓரங்களில் நூல்நூலாகப் பிரிகிறது. பயணம் தாங்க வேண்டுமானால் பின்புறம் முழுவதும் புதுத் துணி வைத்துத் தைக்க வேண்டும். முன்பு ஒட்டுப் போட உதவிய அதே நீலத்தில், தங்கள் நாட்டுப் பருத்தியில், ஏழுக்கு நான்கு முழம் அனுப்பியருள வேண்டுகிறோம். அதுவரை தற்காலிகமாக ஓரம் மடித்துத் தைக்கும் வேலை முன்னோர் மேட்டிலேயே நடக்கிறது. ஒரு முனையை அந்துவன் தைக்கிறார். மறுமுனையை யார் இழுத்துப் பிடித்திருக்கிறார் என்பதை வேந்தர் ஊகிக்கலாம். நன்னாகர் தம் வெண்குடையை இருவருக்கும் பிடித்திருக்கிறார். கேட்டால் கொடிக்கு வெயில் ஆகாது என்கிறார்.

இனித் தங்கள் முடிவு. ஓலையில் மறுமொழி எழுதுவது வேந்தருக்கு இடராக இருக்கலாம் என்பதை அறிவோம். எழுதியது ஏட்டில் நிற்கும். நாங்கள் ஏட்டால் பட்டது போதும். ஆகவே அரசியார் இவ்வாறு வேண்டுகிறார். பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் காலையில், எங்கள் மணமகன் ஊர்வலம் தெளியாற்றின் இக்கரைக்கு வந்து நிற்கும். வேந்தர் அக்கரைக்கு வந்து நின்றால் போதும். வணங்கவோ அழைக்கவோ தேவையில்லை. தங்கள் முகத்தில் மீசை இருந்தால் ஓடத்தை இறக்குவோம். மழித்திருந்தால், எவ்வித மனக்குறையும் இன்றி, நறுவீயாரைத் தக்க மதிப்போடு தங்கள்பால் அனுப்பிவிட்டு மாகீரனோடு மலையேறுவோம். ஆறு அகலம் ஆதலால் வேந்தர் சற்று முன்னே வந்து, முகத்தை வெயிலுக்குக் காட்டி நிற்க வேண்டுகிறோம். ஆறு வாரத்து மீசை அவ்வளவு தொலைவுக்குத் தெரியுமா என்ற கவலை எங்களுக்கு உண்டு. சிறிது மை தீட்டினால் நாங்கள் குறை காண மாட்டோம். அன்று பனி இறங்கினால் மறுநாளும் நிற்போம். மூன்று நாள் வரை நிற்பது எங்கள் மாகீரனுக்குப் பழக்கம்.

தெளியாறு தெளிந்து ஓடும் வரையும், கூவைமலையில் காற்று வீசும் வரையும், இவ்வோலையில் உள்ளவை உண்மை. இதற்குச் சான்று: வேங்கை இலச்சினை இட்ட அரசி பேரினியார், இதை எழுதிய ஆதன் காரி, கைந்நாட்டு இட்ட இடுகாட்டுக் காவலர் பிட்டன், கைந்நாட்டு இட மறுத்து, தன் பெயரைத் தானே எழுதிய கொற்றி, பணிமூப்பில் எங்கள் எல்லாருக்கும் முன் கையொப்பமிட வேண்டியவராயினும் கை இல்லாத தளபதி மாகீரன். அரசியார் ஆட்சியின் பதினேழாம் ஆண்டு, பங்குனித் திங்கள், வளர்பிறை பத்தாம் நாள். ஓலை கொண்டுவரும் ஓட்டக்காரருக்கு உண்ணவும் உறங்கவும் இடம் தந்து, அவரைக் கேள்வி கேளாது அனுப்புக. அவர் கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்பவர். அதன் விளைவை இரு நாடும் அறியும்.

முத்திரை இட்டு முடிந்தது.

முத்திரையின் மெழுகு ஆறும் முன்னர் நறுவீயார் வந்து கட்டைப் பிரித்துப் படித்தார். பிறர் ஓலையைப் பிரித்துப் படிப்பது தம் குடியில் பழக்கம் என்றார். இறுதியில் தாம் சொல்வதையும் சேர்க்க வேண்டும் என்று கட்டளையிட்டதால் சேர்க்கிறேன்:

"அப்பா, மீசைய மழிச்சிடாதீங்க, உங்களுக்கு அது நல்லா இருக்கும்னு அம்மா சொன்னாங்க. ஆனா அமைச்சர் எழுதினத நம்பாதீங்க. மழிச்சிருந்தாலும் ஓடம் வரும். துடுப்பு என் கையில இருக்கும்."